துளை வழியே பாய்ந்த வெளிச்சம்: ‘அகிரா’வின் திரைக்குப் பின்னால்

நியோ-டோக்கியோவில் ராத்திரி. கானெடாவின் சிவப்பு பைக் வளைவில் சாய்ந்து திரும்புகிறது. வண்டி போய்விட்டது, பின்விளக்கின் சிவப்பு மட்டும் போகாமல் ரோட்டுக்கு மேலே கோடாக நிற்கிறது. நிறுத்துங்கள்! ரிமோட்டை அழுத்தி அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இனி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பாருங்கள். அந்தக் கோடு கொஞ்சம் மெலிகிறது, கொஞ்சம் வளைகிறது, நுனியில் கரைகிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து அதை மெலிய வைத்திருக்கிறார். யாரோ ஒருவர் கரைத்திருக்கிறார். 1988-இல், கையால்!

கத்சுஹிரோ ஓட்டோமோவின் ‘அகிரா’வை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் பார்ப்பது ஒரு சுகம். அதை நிறுத்தி நிறுத்தி, அதன் முதுகுப்பக்கமாகப் போய் எட்டிப் பார்ப்பது வேறொரு சுகம். அந்த இரண்டாவது சுகத்துக்குத்தான் இங்கே உங்களைக் கூப்பிடுகிறேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வாருங்கள், உள்ளே தூசி ஆகாது.

கதை தெரியாதவர்களுக்கு இரண்டே வரி. பெரும் வெடிப்பு ஒன்றில் டோக்கியோ அழிகிறது, மூன்றாம் உலகப்போர் மூள்கிறது, 31 வருடம் கழித்து 2019-இல் வளைகுடாவின் மேல் புது டோக்கியோ எழுந்து நிற்கிறது. அங்கே பைக்கில் சுற்றும் பையன்களில் தெத்சுவோ என்ற ஒருவனுக்கு மனதாலேயே சுவரை உடைக்கும் சக்தி வந்துவிடுகிறது. ராணுவம் துரத்துகிறது, சிநேகிதன் கானெடா துரத்துகிறான், எல்லாவற்றுக்கும் அடியில் ‘அகிரா’ என்ற ரகசியம் உறைந்து கிடக்கிறது. இவ்வளவு போதும். படத்தில் டோக்கியோ அழியும் தேதி 1988 ஜூலை 16. படம் ஜப்பானில் வெளியானதும் அதே 1988 ஜூலை 16! தியேட்டரில் விளக்கணைந்து உட்கார்ந்தவர்களுக்கு முதல் காட்சியிலேயே, “இன்றைக்கு உங்கள் ஊர் இல்லாமல் போயிற்று” என்று காட்டியிருக்கிறார் மனுஷன். சத்தமே இல்லாமல் ஒரு வெள்ளை வெளிச்சம் ஊதிப் பெருத்து நகரத்தை விழுங்குகிறது. என்ன துணிச்சல்!

சரி, உள்ளே போகலாம்.

முதலில் செல் தாள். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் தாள் அது. அனிமேட்டர் காகிதத்தில் பென்சிலால் வரைந்த உருவத்தின் கோடுகளை இதன் முன்பக்கத்தில் பதித்துவிடுவார்கள். பிறகு தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கமாக பெயின்ட் அடிப்பார்கள். கைரேகை படாமல் இருக்கப் பருத்திக் கையுறை. முன்பக்கம் பார்த்தால் கோடு கூர்மையாக, நிறம் சமமாக, கொஞ்சமும் தூரிகைத் தடம் தெரியாமல் இருக்கும். பெயின்ட் காயும்வரை காத்திருந்து, பின்னணி ஓவியத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே தொங்கும் கேமராவில் ஒரு சொடுக்கு. அப்புறம் அடுத்த தாள். ‘அகிரா’வுக்கு இப்படித் தீட்டிய தாள்கள் 1,60,000-க்கு மேல்!

வினாடிக்கு 24 படம் ஓடுகிற சினிமாவில், ஜப்பானியத் தொலைக்காட்சிக் கார்ட்டூன்கள் 1960-களிலிருந்தே எட்டு படத்தை வைத்துச் சமாளிக்கப் பழகியிருந்தன. ஒவ்வொன்றையும் மூன்று தடவை காட்டினால் கணக்குச் சரியாகிவிடும். காசு இல்லாதபோது அதுவே ஒரு கலையாகவும் வளர்ந்தது, அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் ‘அகிரா’வில் கையை நீட்டிச் செலவழித்திருக்கிறார்கள். கூட்டத்தில் பின்னால் நிற்கிறவனின் சட்டை அசைகிறது. இடிந்து விழும் கட்டடத்தின் ஒவ்வொரு துண்டும் தன் வழியில் போகிறது. ஒரே நிறுவனம் தாங்குகிற செலவே இல்லை. கோதன்ஷா, தோஹோ, பாண்டாய், டோக்கியோ மூவி ஷின்ஷா என்று பெரிய கைகள் சேர்ந்து ‘அகிரா கமிட்டி’ என்று ஒன்றை அமைத்துத்தான் எடுத்தார்கள்.

நிறத்துக்கு வாருங்கள். படத்தில் பயன்படுத்திய நிறங்கள் 327. அதில் 50 நிறம் இந்தப் படத்துக்கென்றே புதிதாகக் கலந்தவை. எதற்கு இவ்வளவு? ராத்திரிக்கு! பகலைத் தீட்டுவது சுலபம். இருட்டைத் தீட்டும்போது ஒரு மஞ்சள் சட்டை நியான் விளக்குக்குக் கீழே ஒரு நிறம், சந்தில் ஒரு நிறம், பைக் ஹெட்லைட் மேலே விழும்போது வேறொரு நிறம். அதனால் ராத்திரிக் காட்சி என்றாலே அந்தக் காலத்து ஸ்டுடியோக்கள் ஒதுங்கிப் போகும், இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் மேலே நீலத்தைப் பூசிவிடும். ஓட்டோமோ கதையின் பெரும்பகுதியை ராத்திரியிலேயே வைத்துவிட்டார். அந்த இருட்டைப் பாருங்கள்: பச்சை கலந்த இருட்டு, ஊதா கலந்த இருட்டு, துரு நிற இருட்டு. கறுப்பே இத்தனை கறுப்பா என்று வாய் பிளந்துவிடும்.

இனிமேல்தான் எனக்கு உடம்பு சிலிர்க்கிற இடம்.

பெயின்ட் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அது விளக்காக எரியாது. மஞ்சள் பெயின்ட் மஞ்சளாகத்தான் இருக்கும், கண்ணைக் கூச வைக்காது. பிறகு அந்த ஹெட்லைட் எப்படிக் கூசுகிறது? ஜன்னல்கள் எப்படி எரிகின்றன? ராணுவத்தின் லேசர் எப்படி அறுக்கிறது? இதற்கு செல் அனிமேஷனில் ஒரு வேலை உண்டு, ஜப்பானியர்கள் ‘தோகாகோ’ என்பார்கள். முதலில் காட்சியைச் சாதாரணமாகப் படம் பிடிக்கிறார்கள். பிறகு அதே ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றுகிறார்கள். இப்போது செல் தாள் இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் தாள். விளக்கு எரிய வேண்டிய இடத்தில் மட்டும் அதில் துளை. துளைக்குக் கீழே வண்ணக் காகிதம். மேசைக்கு அடியிலிருந்து விளக்கைப் போடுகிறார்கள். அறை முழுக்க இருட்டு; துளை வழியாக மட்டும் வெளிச்சம் பீறிட்டு மேலே வந்து, ஏற்கெனவே படம் பதிந்த அதே ஃபிலிமில் இரண்டாவது தடவையாக விழுகிறது. அசல் வெளிச்சம்! திரையில் நம் கண்ணைக் கூச வைக்கிறது அந்த மேசைக்கு அடியில் எரிந்த பல்பு!

வண்டி நகர்ந்தால்? துளையும் நகர வேண்டும். அதாவது அடுத்த படத்துக்கு இன்னொரு கறுப்புத் தாள், இன்னொரு துளை. அதற்கடுத்த படத்துக்கு இன்னொன்று. நியோ-டோக்கியோவின் எத்தனை ஜன்னல்கள், எத்தனை பைக்குகள், எத்தனை பெயர்ப்பலகைகள் என்று எண்ணிப் பாருங்கள், தலை சுற்றும்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்ட அன்று நான் குதித்தேவிட்டேன். காரணம், இந்த வேலையை நாஞ்சில் நாட்டில் வளர்ந்த எவருக்கும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். எங்கள் ஊர்ப்பக்கம் தோல்பாவைக்கூத்துக்காரர்கள் வந்து கொட்டகை போட்டால், பிள்ளைகளில் பாதி முன்னால் உட்காரும், மீதி பின்னால் நுழையப் பார்க்கும். நான் பின்னால் போகிற கூட்டம். முன்னால் வெள்ளை வேட்டித் திரையில் ராவணன் பத்துத் தலையோடு ஜொலிப்பான். பின்னால் போனால் ஒரு விளக்கு, ஒரு மனிதர், குவியலாகப் பாவைகள். ஆட்டுத்தோலைச் சுத்தம் செய்து, முடி நீக்கி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாக்கி, சாயமேற்றிய பாவைகள். ராவணனின் கிரீடத்தைக் கையில் வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால் தெரியும்: கிரீடம் முழுக்கத் துளை! சின்ன உளியால் பொட்டுப் பொட்டாகக் குத்தியெடுத்த துளை. முத்து இருக்கும் இடத்தில் வட்டத் துளை, ஆரத்தில் வரிசைத் துளை, காது குண்டலத்தில் அரும்புத் துளை. தோலின் நிறம் மங்கலாக எரியும். துளை மட்டும் அசல் விளக்காகவே எரியும். ராவணனின் நகை மின்னுவது சாயத்தால் அல்ல, ஓட்டையால்!

டோக்கியோ ஸ்டுடியோவில் கறுப்புத் தாளில் துளை போட்டவருக்கும், இங்கே ஆட்டுத்தோலில் உளி வைத்தவருக்கும் ஒரே விஷயம் தெரிந்திருக்கிறது. வெளிச்சத்தை வரைய முடியாது, அதற்கு வழிதான் விட முடியும். ஒளி ஊடுருவும் தாள், பின்பக்க நிறம், அடியில் விளக்கு, துளை. எதிர்காலத்தைக் காட்டுவதில் உலகத்தையே அசத்திய படம், இவ்வளவு பழைய கைவேலையின் மேல் ஏறி நிற்கிறது என்பதுதான் எனக்குத் தித்திப்பு. எங்கள் குமரி மாவட்டத்தில் கூத்து நடத்துகிறவர்கள் வீட்டுக்குள் மராத்தி பேசுகிறவர்கள். மராட்டியர் ஆட்சிக் காலத்தில் தஞ்சைக்கு வந்து, பிறகு தெற்கே இறங்கியவர்களின் வழி. ராமாயணத்தைப் பல ராத்திரிகள் தொடர்ந்து ஆடுவார்கள். ஆய்வாளர் அ.கா. பெருமாள் அவர்களோடு பழகி, ஆட்டத்தையும் வாழ்க்கையையும் புத்தகங்களாக எழுதி வைத்திருக்கிறார். அனிமேஷன் படிக்கிற பிள்ளைகள் அதையெல்லாம் தேடிப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

அக்கா மகனுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டியபோது அவன் கேட்டான்: “மாமா, இதெல்லாம் கம்ப்யூட்டர்ல செஞ்சதுதானே?”

“இல்ல மக்கா. அம்புட்டும் கை.”

“சும்மா சொல்லாதீங்க. அந்த வெடிக்குற சீனு?”

“அதுவும் கைதான். பாத்துக்கோ, ஒரு இடத்துல கம்ப்யூட்டர் நல்லா தெரியும், நான் சொல்லுதேன்.”

வந்தது. படத்தில் விஞ்ஞானி ஒருவர் தெத்சுவோவின் சக்தியை அளக்க ஒரு கருவி வைத்திருப்பார். சுழலும் வளையங்களாக அதில் ஒரு வடிவம் துடித்துக்கொண்டே இருக்கும். அதற்குக் கம்ப்யூட்டர் வரைகலையைப் பயன்படுத்தினார்கள். பையனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. “இதை விட அந்த கரடி பொம்மை நல்லா இருக்கு” என்றான். சரியாகச் சொன்னான்! ஆஸ்பத்திரிக் கட்டிலில் தெத்சுவோ கண் விழிக்க, கட்டிலைச் சுற்றிக் கரடி, முயல், கார் என்று பொம்மைகள் ஊர்ந்து, ஒட்டிப் பெருத்து, கூரையை முட்டி, பிறகு உடலிலிருந்து பால் கசிய அவன்மேல் சரிகிற காட்சி. சின்னப் பிள்ளையின் காய்ச்சல் கனவை இதைவிட அருகில் போய் யாரும் வரைந்ததாக நான் பார்க்கவில்லை.

இப்போது காதை நீட்டுங்கள். குரலிலும் ஒரு தலைகீழ் வேலை நடந்திருக்கிறது. ஜப்பானில் வழக்கம், படத்தை முதலில் வரைந்துவிட்டுக் குரலைப் பிறகு சேர்ப்பது. வாய் மூடி, பாதி திறந்து, முழுக்கத் திறந்து என்று மூன்று வாய்களை மாற்றி மாற்றி வைத்தால் எந்த வசனமும் ஓடிவிடும். ஓட்டோமோ இதை மாற்றினார். குரலை முன்னால் பதிவு செய்தார்கள். கானெடாவாகப் பேசிய மித்சுவோ இவாதா, தெத்சுவோவாகப் பேசிய நொசோமு சசாகி ஆகியோரின் பேச்சு முதலில் வந்தது. அதைக் கேட்டுக்கொண்டு அனிமேட்டர்கள் வாயை வரைந்தார்கள். பேசும்போது கன்னம் இழுக்கிறது, பல் தெரிகிறது, மூச்சு வாங்கும்போது தோள் ஏறுகிறது. தெத்சுவோ கானெடாவின் பெயரைச் சொல்லிக் கத்துகிற இடங்களில் முகத்தை நிறுத்திப் பாருங்கள். குரல்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

பாவைக்கூத்தில் குரலும் கையும் ஒரே ஆளுக்குள் இருக்கும். ராமனுக்கும் அவரே, சீதைக்கும் அவரே, கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அடித்துக்கொள்ளும்போது இரண்டு பேருக்கும் அவரே. குரல் ஏறினால் பாவையின் கை ஏறும், கேட்டு நடக்க நேரமே இல்லை. எத்தனையோ கைகள் வேலை செய்கிற ஒரு ஸ்டுடியோவில் அந்த நெருக்கம் வர வேண்டுமென்றால் குரலை முன்னால் நிறுத்துவதைத் தவிர வேறு வழி கிடையாது. ஓட்டோமோ அதைக் கண்டுபிடித்த விதம் எனக்குப் பெரிய ஆச்சரியம், ஏனென்றால் அவர் அடிப்படையில் மேசையில் தனியாக உட்கார்ந்து படக்கதை வரைகிறவர். முழுநீள அனிமேஷன் படத்தை இயக்குவது அவருக்கு இதுதான் முதல் தடவை. அதற்கு முன் 1983-இல் ‘ஹர்மகெதோன்’ என்ற படத்துக்குப் பாத்திரங்களின் உருவத்தை வடிவமைத்தார், 1987-இல் ‘ரோபோ கார்னிவல்’ போன்ற தொகுப்புப் படங்களில் குறும்பகுதிகளை இயக்கினார். அவ்வளவுதான் பயிற்சி!

இசையைச் சொல்லாமல் விட்டால் பாவம். கெய்னோ யமாஷிரோகுமி என்று ஒரு குழு. நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து பாடுகிற, வாசிக்கிற கூட்டம். அதில் தொழில்முறைப் பாடகர்கள் கிடையாது. மாணவர்கள், டாக்டர்கள், பொறியாளர்கள், ஆபீஸ் போகிறவர்கள்! தலைவர் ஷோஜி யமாஷிரோ. அசல் பெயர் த்சுதோமு ஓஹாஷி, அவரே ஒரு விஞ்ஞானி. இவர்களுடைய 1986-ஆம் ஆண்டு ஆல்பம் ஒன்றைக் கேட்டு மயங்கித்தான் ஓட்டோமோ ‘அகிரா’வுக்கு இவர்களைக் கூப்பிட்டார். எதிர்காலப் படத்துக்கு சின்தசைசரைத்தான் எதிர்பார்ப்போம். சின்தசைசரும் உண்டு. ஆனால் கூடவே பாலித் தீவின் ராட்சத மூங்கில் வாத்தியமான ஜெகோக், ஜப்பானின் நோ நாடகத்தின் குரல், புத்த மடத்து மந்திர ஓதல். கானெடாவின் பைக் கூட்டம் பாயும்போது அடிக்கிற அந்த ‘டங் டங்’ மூங்கில்! அதற்கு மேலே கூட்டமாக ஒரு கத்தல் கேட்கும்: ‘ரஸ்ஸெரா, ரஸ்ஸெரா’. அது ஜப்பானின் வடக்கே அவோமோரி ஊரில் நெபுத்தா திருவிழாவில் ஆடிக்கொண்டு போகிறவர்கள் போடுகிற முழக்கம்.

நெபுத்தா என்னவென்று தெரியுமா? வீரர்களையும் அசுரர்களையும் பிரம்மாண்டமாகக் காகிதத்தில் செய்து, வண்ணம் தீட்டி, உள்ளே விளக்கு வைத்து, ராத்திரியில் தெருத்தெருவாக இழுத்துப் போவது. மறுபடியும் பார்த்தீர்களா? நிறத்துக்குப் பின்னால் விளக்கு! அந்தத் திருவிழாவின் குரலைத்தான் நியான் நகரத்து பைக் சண்டைக்கு எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இதை யாரும் திட்டமிட்டுச் செய்தார்களா என்ற கேள்விக்கே நான் போகவில்லை. இப்படி ஒன்று தானாக வந்து சேர்ந்தாலும் சந்தோஷம், சேர்த்தாலும் சந்தோஷம். ஓஹாஷி பிற்காலத்தில், மனிதக் காதுக்கு எட்டாத உயர் அதிர்வுகள் மூளையில் என்ன செய்கின்றன என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவர். அப்படிப்பட்ட ஒருவர் கையில் இந்த இசை போனதால்தான், ஹெட்போனில் கேட்டால் முதுகெலும்பு வரைக்கும் இறங்குகிறது.

எல்லாம் எங்கிருந்து தொடங்கிற்று? ஒரு மேசையிலிருந்து. ஓட்டோமோ 1954-இல் மியாகி மாநிலத்தில் பிறந்தவர். பள்ளி நாளிலிருந்தே சினிமாப் பித்து. ‘ஈஸி ரைடர்’ போன்ற அமெரிக்கப் படங்களில் மனதைப் பறிகொடுத்தவர். 1973-இல் படக்கதை வரைய ஆரம்பித்தார். 1980-இல் தொடங்கிய ‘தோமு’ என்ற படக்கதையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒரு கிழவரும் ஒரு சிறுமியும் மனச் சக்தியால் மோதிக்கொள்வார்கள். எழுத்தில் வந்த அறிவியல் புனைவுகளுக்கே கிடைத்துவந்த நிஹோன் எஸ்.எஃப். பரிசு முதல்முறையாக ஒரு படக்கதைக்குக் கிடைத்தது இதற்குத்தான். அந்தக் கையோடு 1982 டிசம்பரில் கோதன்ஷாவின் ‘யங் மேகசின்’ இதழில் ‘அகிரா’வைத் தொடங்கினார். முடித்தது 1990 ஜூனில். 2,000 பக்கங்களுக்கு மேல், ஆறு தடித்த புத்தகங்கள்.

அந்தப் பக்கங்களை உருப்பெருக்கி வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு கட்டடம் இடிகிறதென்றால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் சட்டம் இருக்கும், சட்டத்தில் உடைந்த கண்ணாடி இருக்கும், கண்ணாடிக்குள்ளே தொங்கும் குழல்விளக்கு இருக்கும். ஸ்கேல் வைத்து இழுத்த கோடு, அதன் மேல் கையால் இழுத்த விரிசல். பேச்சே இல்லாமல் பக்கம் பக்கமாக இடிபாடு ஓடும்போது கண் தானாக வேகம் பிடிக்கிறது. தமிழில் 1972-இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு ஆரம்பித்த கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சித்திரங்களில் வளர்ந்த கண்கள் நம்முடையவை. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் காற்றில் மிதக்கும் மாயாவியை ரசித்தவர்களுக்கு, தெத்சுவோவின் இயந்திரக் கையும் பிடிக்காமல் போகாது. வலமிருந்து இடமாகப் புரட்டப் பழக வேண்டும், கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். அமெரிக்காவில் 1988-இல் மார்வெலின் எபிக் பிரிவு இதை வெளியிட்டபோது பக்கங்களை இடமிருந்து வலமாகத் திருப்பி, ஸ்டீவ் ஓலிஃப் என்பவரை வைத்துக் கம்ப்யூட்டரில் வண்ணமும் சேர்த்தார்கள். அமெரிக்க காமிக்ஸில் கம்ப்யூட்டர் வண்ணத்துக்குப் பாதை போட்டதில் அந்த 38 இதழ்களுக்குப் பெரிய பங்கு. ஆனாலும் கறுப்பு வெள்ளைதான் என் கட்சி.

பெயர்களிலும் ஒரு குட்டி ரகசியம் ஒளிந்திருக்கிறது. ஓட்டோமோ சின்னப் பையனாக இருந்தபோது, 1956-இல் தொடங்கிய மித்சுதெரு யொகோயாமாவின் ‘தெத்சுஜின் 28’ என்ற ராட்சத ரோபோக் கதை ஜப்பானியப் பிள்ளைகளைக் கட்டிப்போட்டிருந்தது. அதில் ரோபோவை ஆட்டிவைக்கிற பையனின் பெயர் கானெடா ஷோதாரோ. நம் சிவப்பு பைக் கானெடாவின் முழுப்பெயரும் அதேதான்! அந்த ரோபோவின் எண் 28. கதையில் ராணுவம் ரகசியமாக வைத்து ஆராயும் பிள்ளைகள் வரிசையில் அகிராவின் எண்ணும் 28. அந்த ராணுவத்தை நடத்துகிற கர்னலின் பெயர் ஷிகிஷிமா கூட அங்கிருந்து வந்ததுதான். உலகம் அழிகிற கதைக்குள், தன் சின்ன வயதின் கதையை ஒளித்து வைத்திருக்கிறார்.

கதைக்குள் நியோ-டோக்கியோ 2020 ஒலிம்பிக்ஸுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். விளையாட்டுக்கு இன்னும் 147 நாள் என்று ஒரு பலகை, அடியில் யாரோ ‘ரத்து செய்’ என்று கிறுக்கியிருப்பார்கள். 2013-இல் அசல் டோக்கியோவுக்கே 2020 ஒலிம்பிக்ஸ் கிடைத்தது. கொரோனாவால் ஒரு வருடம் தள்ளியும் போனது. 2020-இல் அந்தப் பலகைக் காட்சியை உலகம் முழுக்கப் பகிர்ந்து வாயடைத்து நின்றார்கள். இதைத் தீர்க்கதரிசனம் என்று பேசுகிறவர்களோடு நான் சேரவில்லை. 1964 ஒலிம்பிக்ஸுக்காக டோக்கியோவைத் தோண்டிக் கட்டியதைச் சின்னப் பையனாக அறிந்தவர் ஓட்டோமோ. அந்த ஞாபகத்தை எடுத்து எதிர்காலத்தில் வைத்திருக்கிறார் என்று நினைத்தால் காட்சி இன்னும் கனக்கிறது.

அவருடைய மியாகி மாநிலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், குமரிக் கடற்கரைக்காரர்களுக்கு அது புரியும். 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலில் கடல் ஊருக்குள் வந்ததையும், மணக்குடிப் பாலத்தை அடித்துப் போட்டதையும் இங்கே யாரும் மறக்கவில்லை. 2011 மார்ச் 11 அன்று அதே மாதிரி அலை மியாகியைத் தாக்கியது. செண்டாய் விமான நிலையத்தின் ஓடுபாதை தண்ணீருக்குள் போனது. 2015-இல் அந்த விமான நிலையத்தின் சுவரில் ஒரு பெரிய பீங்கான் சிற்பம் வைத்தார்கள். வரைந்து கொடுத்தவர் ஓட்டோமோ. இயந்திர மீன் ஒன்றின் மேல் ஒரு சிறுவன் ஏறி நின்று, காற்றுக் கடவுளையும் இடிக் கடவுளையும் இருபுறமும் கூட்டிக்கொண்டு, அலைகளைத் தாண்டி வருகிறான். நகரங்களைத் திரும்பத் திரும்ப இடித்து வரைந்த கை, தன் மண் இடிந்தபோது இந்தப் பையனை வரைந்தது. அதே 2015-இல் பிரான்சின் அங்குலெம் காமிக்ஸ் விழா தன் உச்சப் பரிசை அவருக்குக் கொடுத்தது, ஜப்பானியப் படக்கதைக்காரர் ஒருவருக்கு முதல்முறையாக.

படம் பார்த்து முடித்த கையோடு, “கதை முடிந்தது” என்று எழுந்துவிடாதீர்கள். இதைச் சொல்லாமல் இருக்கவே முடியாது! படம் வெளியானபோது படக்கதை பாதியில் நின்றது. ஓட்டோமோ தொடரை நிறுத்திவைத்துவிட்டுத்தான் ஸ்டுடியோவுக்குள் போனார். முடிவைப் படத்துக்கென்று தனியாகக் கட்டினார். பிறகு மேசைக்குத் திரும்பி 1990 வரை மீதியை வரைந்தார். அதனால் இரண்டும் வேறு வேறு உலகமாகிவிட்டன. படத்தில் அகிரா என்பது உறைந்த கிடங்கில் கண்ணாடிக் குடுவைகளுக்குள் இருக்கிற மிச்சம். படக்கதையில்? குளிர்ந்த அறையின் கதவு திறக்கிறது, பனி விலகுகிறது, ஒரு சின்னப் பையன் எழுந்து நடந்து வருகிறான். பேசமாட்டான். உயிரோடு இருக்கிறான்! நகரம் இன்னொரு தடவை விழுகிறது, இடிபாட்டுக்குள் ஒரு சாம்ராஜ்யம் எழுகிறது, அந்தப் பையனை அதன் அரியணையில் உட்கார வைக்கிறார்கள். படம் பார்த்த அத்தனை பேருக்கும் இதெல்லாம் இன்னும் பாக்கி. அக்கா மகன் இப்போது மூன்றாம் புத்தகத்தில் இருக்கிறான், சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறான்.